கருவியை மாட்டிய பிறகுதான் வேலை

காது பரிசோதனைக்கு வருகிறவர்களில் "எனக்குக் காது கேட்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. "காது நல்லாத்தான் கேக்குது, பேசுறதுதான் புரிய மாட்டேங்குது, இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க" என்பதுதான் இத்தனை வருட ஆடியாலஜிஸ்ட் வேலையில், அதாவது காது கேட்கும் திறனைச் சோதித்து உதவும் வேலையில், நான் அதிகம் கேட்ட பேச்சு. கூட வந்த மனைவியோ மகனோ பின்னால் நின்றபடி, அவர் சாக்கு சொல்கிறார் என்பதுபோல எனக்குக் கண்ணைக் காட்டுவார்கள். ஆனால் அவர் சொல்வது அப்படியே உண்மை. ஒருவர் தன் காதைப் பற்றிச் சொல்வது எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும் அதற்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடுவதுதான் நம் வேலை என்று பிடிபடவே எனக்குச் சில வருடங்கள் ஆயின.

காரணம் இதுதான். உட்செவியில் இருக்கும் காக்லியா இரண்டரைச் சுற்றுக்குச் சுருண்ட ஒரு குழாய். நீட்டிப் பார்த்தால் 35 மில்லிமீட்டர் அளவுதான் வரும். அதற்குள் ஒலியை உணரும் மயிரிழை செல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு, உள்முனையில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளுக்கு. ஒலி அந்தக் குழாய்க்குள் அலையாக ஓடி ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஒவ்வோர் இடத்தில் உச்சம் தொடுவதைக் கண்டு காட்டியதற்காகத்தான் கியோர்க் வான் பெக்கேசிக்கு 1961-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வயதும் இரைச்சலும் முதலில் கை வைப்பது வாசலோரத்து செல்கள் மேல். போனால் மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

இப்போது பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தின் பெரும்பங்கு உயிரொலிகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் க், ச், த், ப் போன்ற மெய்யொலிகளின் அடையாளமோ பெரும்பாலும் மேலே, மெல்லிசாக இருக்கிறது. மேல்பகுதி தேய்ந்த காதுக்கு 'பல்', 'கல்' இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்து சேரும். அமைதியான அறையில் ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து பேசினால் மூளை இடைவெளியை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில் அந்த ஊகத்துக்கும் நேரம் கிடைக்காது.

சரி, கத்திப் பேசினால் ஆகாதா? கத்தும்போது ஏறுவது பெரும்பாலும் உயிரொலியின் சத்தம்தான், தெளிவு ஏறாது. அதோடு, வெளிவரிசை செல்களின் வேலையே மெல்லிய ஒலியை உயர்த்திக் கொடுப்பது. அவை போய்விட்டால் மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பலத்த ஒலி பழைய அளவிலேயே, சட்டென்று, வலிக்கிற மாதிரி வந்து இறங்கும். அதனால்தான் மூன்று முறை "என்ன?" என்று கேட்டவர் நாலாவது முறை நீங்கள் குரலை உயர்த்தியதும் "ஏன் கத்துற?" என்று சீறுகிறார். இதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் மனத்தாங்கலோடு இருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தாளில் காக்லியாவை வரைந்து இதைப் பத்து நிமிடம் விளக்கியதும் அறைக்குள் பேச்சின் தொனியே மாறிவிடும். அந்தப் பத்து நிமிடத்தையும் சிகிச்சைக் கணக்கில்தான் நான் சேர்க்கிறேன்.

இந்தத் துறை பிறந்த கதையும் அதைத்தான் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் காது கெட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் தனி மையங்கள் வந்தன. அப்படி ஒன்றில் வேலை பார்த்த ரேமண்ட் கார்ஹார்ட்டைத்தான் இன்றைக்கு ஆடியாலஜியின் தந்தை என்கிறோம். அங்கே சிப்பாய்களுக்குக் காது கேட்கும் கருவி கொடுத்து மறுநாளே அனுப்பிவிடவில்லை. வாரக்கணக்கில் தங்கவைத்து, உதடு பார்த்துப் பேச்சைப் பிடிக்கவும், கருவியோடு கேட்டுப் பழகவும் பயிற்சி கொடுத்தார்கள். கருவி அந்தப் பயிற்சியில் ஒரு பகுதி. இன்று பல இடங்களில் கருவி மட்டும் மிஞ்சியிருக்கிறது, பயிற்சி காணாமல் போய்விட்டது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து பார்க்க ரொம்பச் சுலபமாகத் தெரியும் என்பதால். ஒலி புகாத அறையில் ஒருவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், 'பீப்' கேட்டால் அவர் பொத்தானை அழுத்துவார். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொன்றிலும் அவருக்குக் கேட்கும் மிக மெல்லிய அளவைக் குறித்துக்கொண்டே போனால் வருகிற வரைபடம்தான் ஆடியோகிராம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. பூஜ்ய டெசிபல் என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை, நல்ல காதுள்ள இளைஞர்களுக்குச் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய அளவு அது. கோடு கீழே இறங்க இறங்கக் குறைபாடு அதிகம்.

நுணுக்கம் இருப்பது மாஸ்கிங்கில், அதாவது ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காதை இரைச்சலால் மறைப்பதில். ஹெட்போன் வழியாக ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி, 40 டெசிபல் அளவு வித்தியாசம் வந்துவிட்டாலே மண்டையோடு வழியாக மறு காதுக்குக் கசிந்துவிடும். எலும்பு வழியாகக் கொடுத்தால் தடுப்பே கிடையாது, இரண்டு காதுக்கும் ஒன்றாகப் போய்ச் சேரும். ஆகவே நல்ல காதுக்குள் இரைச்சலைக் கொடுத்து அதை ஓரங்கட்டிவிட்டுத்தான் கெட்ட காதைச் சோதிக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் முற்றிலும் செத்துப்போன காதுக்கு ஓரளவு கேட்கிறது என்று அழகான ஒரு கோடு வரும். அப்படிப்பட்ட கோட்டை நம்பி, பயனே இல்லாத காதில் கருவி மாட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

பள்ளி வயதுப் பிள்ளைகள் சிலர் கேட்கும் ஒலியைக் கேட்கவில்லை என்பார்கள். நான் மெதுவாகப் பேசினால் உடனே பதில் வரும், ஆடியோகிராமோ பலத்த குறைபாடு காட்டும். இதைப் பிடிக்க ஸ்டெங்கர் சோதனை என்று பழைய உத்தி ஒன்று இருக்கிறது: ஒரே ஒலியை இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவில் கொடுத்தால் பலமாக விழும் பக்கம் மட்டும்தான் கேட்கும், ஒரு காது கேட்கவில்லை என்று நடிக்கும் பிள்ளை அங்கே குழம்பிப்போகும். பிடித்த பிறகு "பொய் சொல்றான்" என்று பெற்றோரிடம் போட்டுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை. வகுப்பில் யாரோ அடிக்கிறார்கள், எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, வீட்டில் தினமும் சண்டை, இப்படி ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். காது கேட்கவில்லை என்றாலாவது யாராவது தன்னைக் கவனிப்பார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. பிள்ளையின் மானம் போகாமல் அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

கைக்குழந்தைகள் விஷயம் தனி. ஒரு காலத்தில் குழந்தைக்குப் பின்னால் நின்று மணி அடித்துப் பார்ப்பதுதான் சோதனை. குழந்தை நிழல் பார்த்துத் திரும்பும், கதவு அடைத்த அதிர்வில் திடுக்கிடும், வீட்டில் எல்லாரும் "கேக்குதே!" என்று நிம்மதியடைவார்கள். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மழலை ஒலி எழுப்பத்தான் செய்யும். சந்தேகம் வருவதற்குள் இரண்டு, மூன்று வயது ஆகிவிடும். 1971-ல் ஜூவெட்டும் வில்லிஸ்டனும் ஒலி கேட்கும்போது மூளைத்தண்டில் எழும் மின்னலைகளை ஒழுங்காக அளந்து விவரித்தார்கள், 1978-ல் டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆரோக்கியமான காது தானே மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று கண்டார். இந்த இரண்டும்தான் பிறந்து ஓரிரு நாளான, தூங்கிக்கொண்டிருக்கிற குழந்தையின் காதைச் சோதிக்க வழி திறந்தன. ஒரு மாதத்துக்குள் முதல்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட இலக்கு. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தொடங்கிய குழந்தைகளின் மொழி வளர்ச்சி தெளிவாக முன்னால் நிற்கிறது என்று கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் 1998-ல் காட்டியபிறகு இந்த அவசரத்தை யாரும் மறுக்க முடியவில்லை. ஒரு எச்சரிக்கை: செல்கள் நன்றாக வேலை செய்து நரம்புப் பாதையில் தகவல் குலைந்துபோகும் ஒரு வகை உண்டு. அதில் கெம்பின் சோதனை 'தேர்ச்சி' என்று வரும், மூளைத்தண்டுச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைகளுக்கு இந்த மூளைத்தண்டுச் சோதனை கட்டாயம் வேண்டும்.

பெற்றோரிடம் முடிவைச் சொல்வதை எந்தப் பாடத்திட்டமும் எனக்குச் சரியாகக் கற்றுத்தரவில்லை. நான் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது: முதல் வாக்கியத்தைச் சுருக்கமாக, சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த முதல் வாக்கியத்துக்குப் பிறகு நாம் சொல்லும் டெசிபல், அதிர்வெண், கருவி, சலுகை எதுவும் அவர்கள் மனதில் ஏறாது. அழட்டும். தாய் "நான் கர்ப்பமா இருந்தப்ப ஏதாவது தப்பு பண்ணிட்டேனா" என்று கேட்பாள், கேட்காவிட்டாலும் உள்ளே கேட்டுக்கொண்டிருப்பாள். பிறவிக் குறைபாடுகளில் பாதிக்கு மேல் மரபணு சார்ந்தவை, அதிலும் பெரும்பாலான பிள்ளைகளின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும், யாரும் எதுவும் செய்து வந்ததில்லை என்று அங்கேயே, அப்போதே சொல்லிவிட வேண்டும். மீதி விவரத்துக்கு அதே வாரத்தில் மறுபடி வரச் சொல்வேன்.

அப்புறம் கருவி. முதல் முறை கருவி மாட்டியதும் குழந்தை பூவாகச் சிரிக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. சில குழந்தைகள் சிரிக்கும், உண்மைதான். பல குழந்தைகள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அசையாமல் இருக்கும், சில அலறும். சிரிக்காத குழந்தையைப் பார்த்து "வேலை செய்யவில்லையோ" என்று இடிந்துபோகிற பெற்றோருக்காகத்தான் இதைச் சொல்கிறேன். காக்லியாவுக்குள் மின்முனைகளைப் பொருத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளாண்டிலும் அப்படியே. பாரிஸில் ஜூர்னோவும் ஐரியேஸும் 1957-ல் தொடங்கிவைத்து, 1978-ல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைகளோடு பொருத்திக் காட்டிய அந்தக் கருவி இன்று ஏராளமான பிள்ளைகளைப் பேசவைத்திருக்கிறது. அறுவை சிகிச்சை சில மணி நேரம். ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்னோட்டம் என்று மறுபடி மறுபடி சரிசெய்வதும், வீட்டில் தினமும் பேசிப் பேசிக் காதைப் பழக்குவதும் வருடக்கணக்கு. ஒலி கேட்டதும் கட்டையை எடுத்து டப்பாவில் போடு என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, அது ஒலிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

இதை எழுதும்போதே சைகை மொழி பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1880-ல் மிலன் நகரில் கூடிய மாநாடு, காது கேளாதோர் கல்வியில் பேச்சு மட்டும் போதும், சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதன் பாரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சுமந்தார்கள், கையைக் கட்டிப்போட்ட பள்ளிகள்கூட உண்டு. சைகை கற்றால் பேச்சு வராது என்று இன்றைக்கும் சொல்லும் சக ஊழியர்களோடு நான் உடன்படுவதில்லை. குழந்தைக்கு முதலில் வேண்டியது மொழி. அது காது வழியாக வருகிறதா கண் வழியாக வருகிறதா என்பது அடுத்த கேள்விதான், இரண்டு வழியும் திறந்திருந்தால் இன்னும் நல்லது.

பெரியவர்களிடம் வருவோம். பத்து, பதினைந்து வருடம் தேய்ந்துபோன காதோடு வாழ்ந்தவரின் மூளை அந்த அமைதிக்குப் பழகியிருக்கிறது. கருவி மாட்டியதும் காகிதம் சரசரக்கிறது, தண்ணீர்க் குழாய் இரைகிறது, தன் குரலே பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. முதல் வாரத்தில் பலர் கழற்றி வைத்துவிடுவார்கள். சிலர் மேசை இழுப்பறைக்குள் போட்டதை அப்புறம் எடுப்பதே இல்லை. "அவருக்கு ஒத்துக்கல" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாத பலருக்குக் கருவி ஒழுங்காகச் சரிசெய்யப்படவே இல்லை என்பதுதான் நான் கண்டது.

ஒவ்வொருவர் காதுக்குழாயும் வேறு அளவு, வேறு வளைவு. கணினியில் ஆடியோகிராமை ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி நிறுவனத்தின் மென்பொருள் ஒரு சராசரிக் காதுக்கு ஏற்ற அளவைப் போட்டுக்கொடுக்கும். நிஜக் காதுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய, முடி போல மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குப் பக்கம் வரை செருகி, கருவி ஓடும்போது அங்கே எவ்வளவு ஒலி சேருகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ரியல் இயர் அளவீடு என்பது இதுதான். இந்தக் காதுக்கு எவ்வளவு ஒலி வேண்டும் என்று கணக்கிடும் ஆஸ்திரேலியாவின் என்.ஏ.எல். சூத்திரமோ கனடாவின் டி.எஸ்.எல். சூத்திரமோ சொல்லும் இலக்கோடு ஒப்பிட்டால், உயர்ந்த அதிர்வெண்களில், அதாவது பேச்சைப் புரியவைக்கும் அந்த இடத்திலேயே, சராசரிக் கணக்கு போதாமல் இருப்பது அடிக்கடி தெரியவரும். அளக்க ஆகும் நேரம் கொஞ்சம்தான். ஆனாலும் பலர் செய்வதில்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், அந்த இயந்திரம் உறை போட்டு மூலையில் இருந்தது, மாதத்துக்கு இத்தனை கருவி போயாக வேண்டும் என்ற கணக்கு மட்டும் சுவரில் இருந்தது. திரும்ப வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கினால் "இது வருமானம் இல்லாத நேரம்" என்றார்கள். அங்கே நான் நீடிக்கவில்லை.

சமீப வருடங்களில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது: "கருவி போடாவிட்டால் மறதிநோய் வரும்" என்ற பயமுறுத்தல். 2011-ல் ஃபிராங்க் லின் குழுவினர் காது கேட்கும் குறைபாட்டுக்கும் டிமென்ஷியா என்ற அந்த மறதிநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். அது முக்கியமான ஆய்வு. 2023-ல் வெளியான அச்சீவ் என்ற பெரிய ஆய்வில், கருவியும் ஆலோசனையும் பெற்ற முதியவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மூன்று வருடத்தில் மொத்தமாகப் பார்த்தால் அறிவுத்திறன் வீழ்ச்சியில் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் வீழ்ச்சி கணிசமாக மெதுவானது. இதை இப்படியே சொல்ல வேண்டும். பேரன் பேசுவது புரிவதும், ஆட்கள் கூடும் இடத்துக்குத் தயங்காமல் போவதும் கருவி போடப் போதுமான காரணங்கள். பயத்தில் வாங்கியவர் பயம் தணிந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார்.

காது இரைச்சலோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தூக்கமில்லாத முகத்தோடு வருவார்கள். அவர்களில் பலரிடம் ஏற்கெனவே யாரோ "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, பழகிக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். 1953-ல் ஹெல்லரும் பெர்க்மனும் காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்துப் பார்த்தபோது 94 சதவீதம் பேர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். நரம்பு மண்டலத்துக்கு இப்படி ஒரு பின்னணி ஒலி உண்டு, உள்வரும் ஒலி குறையும்போது மூளை அதைக் கூட்டி வைக்கிறது என்று புரிந்தாலே பாதிப் பயம் தணிகிறது. குறைபாடு இருந்தால் கருவி, இரவில் மெல்லிய பின்னணி ஒலி, பதற்றத்துக்கு மனநல ஆலோசனை, இவை உண்மையிலேயே உதவுகின்றன. ஒரே காதில் மட்டும் இரைச்சல், அல்லது நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல் என்றால் மட்டும் தாமதிக்காமல் இ.என்.டி. மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

அதைவிட அவசரம் ஒன்று. காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்துக்கொண்டது, சளியாக இருக்கும், தானாகச் சரியாகும் என்று வாரக்கணக்கில் காத்திருந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. திடீரெனக் காது கேளாமல் போகும் நரம்புக் குறைபாடாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்து பலன் கொடுக்க அதிக வாய்ப்பிருப்பது முதல் இரண்டு வாரங்களுக்குள்தான், முந்தினால் இன்னும் நல்லது. அன்றைக்கே காட்ட வேண்டிய விஷயம் இது.

இந்த வேலை என்னையும் மாற்றியிருக்கிறது. முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்துதான் பேசுவேன், திரும்பி நின்றுகொண்டு யாரிடமும் பேசமாட்டேன். கூட்டத்தில் எல்லாரும் சிரித்து ஒரு நொடி கழித்துச் சிரிக்கிறவர் உடனே என் கண்ணில் படுவார். அவருக்கு நகைச்சுவை கேட்கவில்லை, மற்றவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். பேச்சுக்கு நடுவே "ம்ம்" போட்டுக்கொண்டே, கேள்வி வந்ததும் புன்னகைக்கிறவரும் அப்படித்தான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. என் ஆடியோகிராமிலும் 6000, 8000 ஹெர்ட்ஸில் கோடு இறங்கத் தொடங்கியிருக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் வயதை மட்டும் எப்படித் தடுப்பது. என் முறை வரும்போது சீக்கிரமே போட்டுக்கொள்வதாக இருக்கிறேன்.

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் என்னிடம் எந்தக் கருவி நிறுவனம் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். கம்பி தொங்கும் சட்டைப்பை கருவியிலிருந்து, 1996-ல் வந்த முழு டிஜிட்டல் கருவி, இப்போது போனோடு பேசும் கருவி வரை எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டேன், எந்தக் காலத்திலும் கருவிகளுக்கு நடுவே இருந்த வித்தியாசத்தைவிட மாட்டிவிட்டவர்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம்தான் பெரிது. 2024-ல், காதிலிருந்து நரம்புக்கு ஒலித் தகவலைக் கடத்த உதவும் ஓட்டோஃபெர்லின் மரபணுவில் குறையோடு பிறந்த சில பிள்ளைகளுக்கு மரபணு சிகிச்சையில் காது கேட்கத் தொடங்கியது என்ற ஆய்வைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பிள்ளைகளுக்கும் புதிதாய் வந்த ஒலியை மொழியாக்கிக்கொள்ள யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாருக்காவது கருவி வாங்கும் யோசனை இருந்தால், பரிசோதனைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். அவர் தினமும் அதிகம் கேட்கும் குரல் யாருடையதோ அவர் கூடப் போகட்டும், அந்தக் குரலை வைத்தே சரிசெய்து பார்க்கலாம். எந்த இடத்தில் புரியவில்லை, யார் பேசினால் புரியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ரியல் இயர் அளவீடு செய்வீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். முதல் நாளிலிருந்தே நாள் முழுக்கப் போட முடியாவிட்டால் அமைதியான அறையில் சில மணி நேரம் என்று தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். முதல் இரண்டு மாதத்தில் சரிசெய்துகொள்ள சில முறையாவது திரும்பப் போக வேண்டியிருக்கும், அதற்கான நாட்களை வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.